எழுந்து போகிறவர்களுக்கான பாட்டு

அக்கா மகன் கிடார் கற்றுக்கொள்கிறான். போன வாரம் வீட்டுக்கு வந்தவன், கிடாரை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் முறுக்காணிகளைத் திருகிக்கொண்டே இருந்தான். மேல் கம்பியைத் தாழ இறக்கி, மிச்சம் ஐந்தையும் ஒரே சுரத்துக்குக் கொண்டுவந்தான். நடுவில் ஒரு கம்பி அறுந்தது. அப்புறம் 'ஐரிஸ்' வாசித்துக் காட்டினான். நன்றாகவே வாசித்தான். முடித்த கையோடு, "மாமா, சினிமாவுக்குன்னே எழுதின ராக் பாட்டுல இதை அடிச்சுக்க ஆளே கிடையாது, ஒத்துக்கோங்க" என்றான்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பதில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் அவன் போனைப் பார்க்கப் போய்விட்டான். மீதியை இங்கே இறக்கி வைக்கிறேன்.

ஐரிஸ் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. 1998-ல் 'சிட்டி ஆஃப் ஏஞ்சல்ஸ்' படத்துக்காக கூ கூ டால்ஸ் குழுவின் ஜானி ரெஸ்னிக் எழுதியது. ஒரு பெண்ணைத் தொட்டுப் பார்ப்பதற்காகச் சாவில்லாத வாழ்வையே விட்டுக்கொடுக்கும் தேவதூதனாக நிக்கோலஸ் கேஜ் வருவார். அவர் மனசுக்குள் என்ன ஓடுமோ அதை வாங்கி அப்படியே பாடும் பாட்டு. அமெரிக்க வானொலி ஒலிபரப்புப் பட்டியலில் 18 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. படம் என்ன கேட்டதோ அதைக் கொடுத்த பாட்டு. என் கட்சி வேறு. எனக்குப் பிடித்த பாட்டு, படம் கேட்டதைக் கொடுத்துவிட்டு அந்தப் படத்தோடேயே சண்டைக்கும் நிற்கிறது.

இங்கிலாந்து ராக் குழு ரேடியோஹெட்டின் 'எக்ஸிட் மியூசிக்'. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'ஃபார் எ ஃபிலிம்' என்று ஒரு வால் வேறு உண்டு. ஒரு படத்துக்கான வெளியேறும் இசை. இவ்வளவு அசட்டையான பெயரை ஒரு பாட்டுக்கு வைக்க முடியுமா என்றுதான் முதலில் தோன்றியது. ரசீதில் எழுதுகிற மாதிரி இருக்கிறது.

ஹாஸ்டலில் இது எங்களுக்கு ஒரு எம்பி3 சிடியில் வந்து சேர்ந்தது. 150 பாட்டு, ஒரே ஒரு தட்டு. கோப்பின் பெயரைத் தவிர வேறு விவரம் எதுவும் கிடையாது. என்ன படம் என்று அறையில் பெரிய சண்டை. போர்ப் படம் என்றான் ஒருவன். பேய்ப் படம் என்றான் இன்னொருவன், அந்தக் கோரஸ் குரல்களைக் கேட்டுவிட்டு. கடைசியில் ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் என்று தெரிந்ததும் யாரோ அந்தப் படத்தின் பாட்டு கேசட்டைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தான். அதில் இந்தப் பாட்டே இல்லை! ரேடியோஹெட் பெயர் இருக்கிறது, ஆனால் 'டாக் ஷோ ஹோஸ்ட்' என்று வேறு பாட்டு. அப்புறம் டிவியில் படமே வந்தது. ஹாஸ்டல் முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். பாட்டு வரவில்லை. ஜூலியட் செத்ததும் சானல்காரன் விளம்பரத்துக்குப் போய்விட்டான். ஆக, எந்தப் படத்துக்காக எழுதப்பட்டதோ அந்தப் படத்தைப் பார்த்தும் பாட்டைக் கேட்க முடியவில்லை. அது ஓடுவது பெயர்ப் பட்டியல் மேலே ஏறும்போது. அந்த நேரத்தில் உட்கார்ந்திருக்கிறவர் யார்? செருப்பைத் தேடுகிறவர்களும், தூங்கும் பிள்ளையைத் தோளில் போடுகிறவர்களும்தான்.

1996-ல் ரேடியோஹெட் அமெரிக்காவில் பாடகி அலானிஸ் மோரிசெட்டின் கச்சேரிகளுக்கு முன்னால் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது இயக்குநர் பாஸ் லூர்மன் தன் படத்தின் கடைசி அரை மணி நேரத்தை மட்டும் அவர்களுக்கு அனுப்பி, இறுதிப் பெயர்ப் பட்டியலுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார். அது 'ரோமியோ + ஜூலியட்'. வசனம் ஷேக்ஸ்பியருடையது, ஆட்கள் ஹவாய் சட்டையும் துப்பாக்கியுமாகத் திரிவார்கள், மாடத்துக் காதல் காட்சி நீச்சல் குளத்துக்குள் நடக்கும். லியோனார்டோ டிகாப்ரியோவும் கிளேர் டேன்ஸும். ஜூலியட் துப்பாக்கியைத் தன் தலையில் வைக்கும் இடத்தைப் பார்த்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டதாகப் பாடகர் தாம் யார்க் பின்னாளில் சொன்னார். முதலில் நாடகத்தின் வரிகளையே பாட்டுக்குள் நுழைக்கப் பார்த்து, சரிவராமல் விட்டுவிட்டாராம். நல்லவேளை.

அந்தத் துப்பாக்கிக் காட்சி ஒரு சாக்கு என்றுதான் நினைக்கிறேன். பாட்டின் விதை வேறு இடத்தில் விழுந்தது, அதையும் அவரே சொல்லியிருக்கிறார். 13 வயதில் ஃபிராங்கோ செஃபிரெல்லியின் 1968-ஆம் வருஷத்து ரோமியோ ஜூலியட்டைப் பார்த்துவிட்டு அழுது தீர்த்திருக்கிறார். யார்க் பிறந்ததும் அதே 1968. அவர் அழுதது அவர்கள் செத்ததற்காக மட்டும் இல்லை. அந்த முதல் இரவு முடிந்த காலையிலேயே ரெண்டு பேரும் ஏன் ஓடிப்போகவில்லை? அதுதான் பையனுக்குப் புரியவில்லை.

இந்தக் கேள்வியைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று தள்ளிவிடலாம். நான் தள்ளமாட்டேன். நாடகத்தில் அந்தக் காலை எப்படிப் போகிறது? வெளியே ஒரு பறவை கூவுகிறது. அது விடியலில் கூவும் வானம்பாடி என்கிறான் ரோமியோ. இல்லை, ராத்திரிக் குயில்தான் என்று சாதிக்கிறாள் ஜூலியட். விடிந்தால் அவன் போயாக வேண்டும், நாடு கடத்தல் ஆணை. அழகான வாக்குவாதம், பள்ளிக்கூடங்களில் அதன் அழகைச் சொல்லித்தான் பாடம் நடத்துவார்கள். ஆனால் 13 வயதுப் பையன் கேட்கிறான்: அவன் மாந்துவா என்கிற வேறு ஊருக்குத்தானே போகிறான், அவளையும் கூட்டிக்கொண்டு போனால் என்ன? கல்யாணம்தான் ஆகிவிட்டதே? நாடகத்தில் ஜூலியட்டுக்கே 14 நிரம்பவில்லை. அவள் வயதுக்காரன் கேட்கும் கேள்வி இது. ஷேக்ஸ்பியரிடம் அதற்குப் பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஓடிப்போனால் நாடகம் மூன்றாம் அங்கத்தோடு முடிந்துவிடும், அவ்வளவுதான்.

எக்ஸிட் மியூசிக் அந்தக் காலையில் ஆரம்பிக்கிறது. எழுந்திரு, கண்ணைத் துடை, இன்றைக்குத் தப்பிவிடுகிறோம். துணியை எடு, உடுத்திக்கொள், உன் அப்பா காதில் விழுவதற்கு முன்னால். படம் செய்யாததைப் பாட்டு செய்து பார்க்கிறது. படம் முடிந்து, இருவரும் பிணமாகக் கிடந்து, திரை இருண்ட பிறகு இந்த வரிகள் வருகின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். செத்துப்போனவளைத் தட்டி எழுப்புகிறான். கடைசிப் பாட்டு என்றால் பார்த்ததற்கெல்லாம் ஒரு மாலை போட்டு அனுப்பி வைக்க வேண்டும். இது ரீலைத் திருப்பிச் சுற்றச் சொல்லி மல்லுக்கு நிற்கிறது.

நமக்கு இது புதிதும் இல்லை. காதலர்கள் சேர்ந்து ஓடிப்போவதற்கு உடன்போக்கு என்று பெயர் வைத்துப் பாலைத் திணையில் ஒரு பெருங்கூட்டம் பாட்டு வைத்திருக்கிறோம். கலித்தொகையில் மகளைத் தேடிப் போகும் செவிலித்தாய், எதிரே வரும் அந்தணர்களிடம் கேட்பாள். முத்து கடலில் பிறந்தாலும் அணிகிறவர்களுக்குத்தான் பயன், கடலுக்கு அதனால் என்ன, போய் வாருங்கள் அம்மா என்று அவர்கள் தேற்றுவார்கள். அந்தப் பெரியவர்கள் மாதிரி ரோமியோ ஜூலியட்டின் ஊரான வெரோனாவில் ஒருத்தர் இருந்திருந்தால்? (இன்றைக்கு நம் ஊர்களில் எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், பதிவு வேறு பக்கம் போய்விடும்.)

இசைக்கு வருகிறேன். ஆரம்பத்தில் ஒரு கிடார், ஒரு குரல், அவ்வளவுதான். குரல் காதோரம் ரகசியம் சொல்கிறது, ஆனால் சுற்றிலும் கல் கட்டடத்தின் எதிரொலி. அது கருவியில் கூட்டிய எதிரொலி இல்லை. இங்கிலாந்தில் பாத் நகரத்துக்குப் பக்கத்தில், அப்போது நடிகை ஜேன் சீமோருக்குச் சொந்தமாக இருந்த செயின்ட் கேதரின்ஸ் கோர்ட் என்ற பழைய மாளிகையில் இசைத் தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச்சோடு உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தார்கள். கற்படிக்கட்டில் வைத்துப் பாட வைத்தார்கள். எனக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தோன்றவில்லை. அப்பா எழுவதற்குள் சத்தம் போடாமல் இறங்க வேண்டிய இடம் படிக்கட்டுதானே.

அப்புறம் அந்தக் கோரஸ். அங்கே ஒரு ஆள் கிடையாது, மெலட்ரான் என்ற பழைய கீபோர்டு. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு ஒலிநாடாத் துண்டு. கட்டையை அழுத்தினால் என்றைக்கோ பதிந்து வைத்த மனிதக் குரல் ஓடும், ஏறக்குறைய 8 நொடி, அதற்கு மேல் நாடா கிடையாது. மூச்சு விடு, விட்டுக்கொண்டே இரு என்று பாட்டு கெஞ்சும் இடத்தில், எட்டு நொடிக்கு மேல் மூச்சு பிடிக்காத குரல்கள் பின்னால் நிற்கின்றன. ஹாஸ்டலில் பேய்ப் படம் என்றவன் முழுத் தப்பும் சொல்லிவிடவில்லை.

பாட்டில் பாதிக்கு மேல் போன பிறகுதான் ஃபில் செல்வேயின் டிரம்ஸ். கூடவே காலின் க்ரீன்வுட்டின் பேஸ் கிடார், லாரி எஞ்சின் மாதிரி உறுமிக்கொண்டு. அதுவரை கிசுகிசுத்தவன் தொண்டை கிழியப் பாடுகிறான், இப்போது நாம் ஒன்றாகிவிட்டோம், முடிவில்லாத அமைதியில். அந்த வார்த்தைகளைத் தனியாக எழுதினால் கல்யாணப் பத்திரிகையில் போடலாம். டிரம்ஸோடு கேட்டால் கல்லறை. என் கணக்கில், டிரம்ஸ் நுழையும் அந்த இடத்தில்தான் அவர்கள் பிடிபடுகிறார்கள். வரிகளில் அது எங்கேயும் இல்லை, டிரம்ஸ் அடிக்கிற அடியில்தான் இருக்கிறது. இதற்காகவே இதை எல்லாப் படப் பாட்டுகளுக்கும் மேலே வைப்பேன்.

முடிவு இன்னும் மோசம். நாடகத்தில் இரண்டு அப்பன்களும் பிணங்களுக்கு நடுவில் கைகோத்துக்கொண்டு, மாறி மாறிப் பொன்னில் சிலை வைப்பதாக வாக்குக் கொடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகளைக் கொன்றுவிட்டுச் சிலைக்கு எஸ்டிமேட். பாட்டில் அந்தச் சமரசம் கிடையாது. உங்கள் விதிகளும் ஞானமும் உங்கள் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளட்டும் என்று சபித்துவிட்டு, சத்தமெல்லாம் வடிந்து, மறுபடி அந்தக் கிசுகிசுப்பில் அதே சாபத்தைச் சொல்லி நிற்கிறது.

படத்தின் பாட்டு ஆல்பத்தில் இதைச் சேர்க்க வேண்டாம் என்று யார்க் கேட்டுக்கொண்டார், லூர்மனும் விட்டுக்கொடுத்தார். 1997-ல் 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்தில் நான்காவது பாட்டாக வந்தது. கேசட்டைத் தேடி ஏமாந்தவன் என்ற முறையில் அன்றைக்குத் திட்டினேன். இப்போது சரி என்றே படுகிறது. படத்தோடு வாதாடுகிற பாட்டு அந்தப் படத்தின் கடைச் சரக்கோடு கிடந்திருந்தால் அதையும் படத்தின் அலங்காரமாகத்தான் கேட்டிருப்போம். எல்லாரும் லூர்மன் இல்லை என்பதும் உண்மை. 2015-ல் ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு இதே குழு 'ஸ்பெக்டர்' என்று ஒரு பாட்டு கொடுத்தது. படத்தில் அது இல்லை. சாம் ஸ்மித்தின் பாட்டு இடம்பெற்று ஆஸ்கரும் வாங்கியது. இவர்கள் தங்கள் பாட்டைக் கிறிஸ்துமஸ் அன்று இணையத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கேட்டுப் பாருங்கள், எனக்கு அந்த ஆஸ்கர் பாட்டைவிட இதுதான்.

படத்தின் கடைசியில் இந்தப் பாட்டை நான் முழுசாகக் கேட்டது வேலைக்குப் போன பிறகு, ஒரு நண்பன் வீட்டு டிவிடியில். படத்தில் டிவி செய்தி வாசிக்கும் பெண் நாடகத்தின் கடைசி வரிகளைச் சொன்னாள், பெயர்கள் ஏற ஆரம்பித்தன. நண்பன் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அவன் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். யாரோ விளக்கைப் போட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சாபம் வந்தது. 'நீங்கள்' என்று யாரைச் சொல்கிறான் என்று அத்தனை வருஷமும் நான் யோசித்ததில்லை, அவள் அப்பன் என்றுதான் வைத்திருந்தேன். அந்த அறையில் அதைக் கேட்க என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

மருமகனுக்குப் பாட்டின் சுட்டியை அனுப்பியிருக்கிறேன். ரெண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. கிடாருக்குப் புதுக் கம்பி வாங்கப் பணம் அனுப்பச் சொல்லி மட்டும் பதில்.