கடன் நோட்டின் கடைசிப் பக்கம்

எங்கள் மளிகைக் கடையில் ஒரு கடன் நோட்டு உண்டு. முன்பக்கம் திறந்தால் யார் எத்தனை வீசை பருப்பு வாங்கினார்கள், எவ்வளவு பாக்கி என்று இருக்கும். (ரங்கூனில் இன்னும் வீசைக் கணக்குதான். பர்மியர் பெய்த்தா என்பார்கள். வெள்ளைக்காரன் ‘விஸ்’ என்று எழுதி வைத்தது நம் தமிழ் வீசையைத்தான். நம்மூர்ப் பழைய வீசை சுமார் 1.4 கிலோ, இங்கே 1.63. கடல் தாண்டி வந்ததில் கொஞ்சம் சதை போட்டுவிட்டது.) அதே நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கம் திறந்தால் என் பேத்தியின் கணக்கு. அங்கே கடன்காரன் நான். அவள் கேட்டு நான் பதில் சொல்லாத கேள்விகள், தேதியோடு.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமான கதை.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒரு மணி இருக்கும். கடையில் தொங்கும் தராசு தானாக ஆட ஆரம்பித்தது. யாரும் தொடவில்லை. தட்டு இரண்டும் ஒன்றோடொன்று இடித்து டிங் டிங் என்று சத்தம். இங்கே அவ்வளவுதான். மாண்டலேயிலும் சகாயிங்கிலும் என்ன ஆனது என்பது சாயங்காலம் போனில் படங்கள் வர வரத்தான் தெரிந்தது. மூவாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

அன்றைக்குப் பாப்பா கேட்டாள், “பூமி ஏன் தாத்தா ஆடுச்சு?” நான் மாண்டலேயில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு லைன் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். அவள் அப்பாயி பதில் சொன்னாள். “உலகத்துல பாவம் கூடிப்போச்சுன்னா ஆதிசேஷன் பாரம் தாங்காம தலையை மாத்துவான்டி.” நானும் “ஆமாம்” என்று தலையாட்டினேன். அந்த ஒரு ‘ஆமாம்’தான் நான் செய்த தப்பு.

ராத்திரி அவள் சாப்பிடவில்லை. ரொம்ப நேரம் கழித்து என் காதுக்குள் கேட்டாள். “நேத்து நான் ஹோம்வொர்க் முடிச்சிட்டேன்னு பொய் சொன்னேன் தாத்தா. அதனாலயா?”

எட்டு வயதுப் பிள்ளை. இடிபாட்டுக்குள் கிடந்தவர்களை எல்லாம் தன் கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டாள். நான் கதைகளுக்கு எதிரி இல்லை. ஆதிசேஷன் கதை நல்ல கதை, நானே பத்துத் தடவை சொல்லியிருப்பேன். ஆனால் ‘ஏன்’ என்று நிஜமாகவே கேட்கும் பிள்ளையிடம் கதையைப் பதில் என்று கொடுத்தால், பிள்ளை அதைப் பதிலாகத்தான் வாங்கிக்கொள்ளும். செல்லாத நோட்டைக் கொடுத்துச் சரக்கு வாங்குவது மாதிரி. அன்றைக்கு அவளிடம், “அது காரணமே இல்ல பாப்பா. சரியான காரணம் தாத்தாவுக்கு இப்போ தெரியல. கடனா எழுதி வச்சுக்கோ, தர்றேன்” என்றேன். மறுநாள் காலையில் நிஜமாகவே நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

அந்தக் கடனை அடைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. படித்து, கேட்டு, கடைசியில் கடைக்காரன் பாஷையிலேயே சொன்னேன். நம் நாட்டு நடுவில் வடக்குத் தெற்காக ஒரு நீளமான விரிசல் இருக்கிறது, சகாயிங் பிளவு என்று பெயர். அதற்கு மேற்கே இருக்கிற நிலம் வடக்குப் பக்கமாக நகரப் பார்க்கிறது, வருஷத்துக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். ஆனால் இரண்டு பக்கப் பாறையும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதால் நகர முடியாது. நகராத அந்த 2 சென்டிமீட்டர் பாக்கியாக நிற்கிறது. அடுத்த வருஷம் இன்னொரு 2. பாக்கி மேல் பாக்கி. என்றைக்குப் பிடி விட்டுப்போகிறதோ அன்றைக்கு மொத்த வசூல். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்தி, ஒன்றை மேலே தள்ளிக் காட்டினேன். இறுகி நின்று, திடீரென்று வழுக்கியது. அவளும் செய்து பார்த்தாள். கை சிவக்கச் சிவக்க ஒரு இருபது தடவை.

பிறகு தாசி என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு கேமராவில் பதிவான வீடியோ வந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கத்து நிலம் அப்படியே நழுவிப் போகிறது. 1.3 நொடியில் 2.5 மீட்டர் என்று ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். பாப்பா உடனே 250-ஐ 2-ஆல் வகுத்தாள். “நூத்தி இருபத்தஞ்சு வருஷத்துப் பாக்கியா தாத்தா?” இயற்கை அவ்வளவு நேராகக் கணக்கு எழுதாது, ஆனால் அவள் போன பாதை சரி. அதற்கு முன்பே, ஏப்ரலில், அவள் கேட்டிருந்த இன்னொரு கேள்வி, “அடுத்த வசூல் எப்போ?” அதற்குத் தேதி சொல்ல உலகத்தில் எவராலும் முடியாது என்றேன். அந்தச் சமயத்தில்தான் இன்ன தேதியில் அடுத்தது என்று ஒரு ஜோசியர் போட்ட வீடியோ சுற்றி, ஊரே வீட்டுக்கு வெளியே நின்றது. எட்டு வயதுப் பிள்ளை மட்டும், “தேதி யாராலயும் சொல்ல முடியாதுன்னு தாத்தா சொல்லிட்டாங்க” என்று உள்ளே உட்கார்ந்து பேஜோ (பர்மியப் பருப்புப் பலகாரம்) தின்றுகொண்டிருந்தாள்.

சரி, எல்லாக் கடனையும் இப்படி ஜோராக அடைத்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

“கரண்ட் எங்கே போச்சு?” இது அவள் வாரத்துக்கு நாலு தடவை கேட்பது. ரங்கூனில் பிள்ளை வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு மணி நேரம் இருந்தால் எட்டு மணி நேரம் இருக்காது. முதலில், “அடுத்த தெருவுக்குப் போயிருக்கு” என்றேன். முறை வைத்து விடுவதால் அது பாதி உண்மைதான். அப்புறம் ஆர்வக்கோளாறில், “கம்பிக்குள்ள தண்ணி மாதிரி ஓடும்” என்று உவமை சொன்னேன். “அப்ப கம்பியை வெட்டினா தரையில கொட்டுமா?” முடிந்தது கதை. உவமையில் எப்போதும் ஒரு ஓட்டை இருக்கும், பிள்ளைகள் விரலை நேராக அங்கேதான் விடுவார்கள். “கொட்டாது. இந்த உவமை இதுவரைக்கும்தான் வரும், இதுக்கு மேல வராது” என்று ஒத்துக்கொண்டேன். அவளுக்கு ஏமாற்றமே இல்லை. இன்லே ஏரியிலிருந்து வழியும் பலூ ஓடைத் தண்ணீர் லோபிட்டா மலைச்சரிவில் விழுந்து சக்கரத்தைச் சுற்றுகிறது, அந்த நிலையம் 1960-லிருந்து ஓடுகிறது, கோடையில் தண்ணீர் குறைந்தால் இந்த மாதிரி நிலையங்களில் சக்கரமும் மந்தமாகிவிடும் என்றதும், காலால் துடுப்புப் போடுகிறவர்கள் இருக்கிற அந்த ஏரிதானா என்று கண் விரிந்தது. மின்சாரத்தை அரிசி மாதிரி மூட்டையில் கட்டி வைக்க முடியாது, செலவாகும் நேரத்திலேயே உண்டாக்க வேண்டும் என்றேன். “நம்ம இன்வெர்ட்டர்ல கட்டி வச்சிருக்கோமே?” அதுவும் சரிதான். கொஞ்சம் கட்டி வைக்கலாம், ஊருக்கே கட்டி வைப்பதுதான் கஷ்டம் என்று திருத்திக்கொண்டேன்.

எங்களுக்கு இன்னொரு சிக்கல் பாஷை. அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் படிப்பது பர்மிய மொழியில். வீட்டில் தமிழ். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தமிழ் வகுப்பு, அங்கே ஆத்திசூடி உண்டு, அறிவியல் கிடையாது. போன சித்திரையில் அவள் அம்மா கல்லில் தனக்கா என்கிற மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசிவிட்டாள். ஏன் ஜில்லென்று இருக்கிறது என்று கேள்வி. “அதுல இருக்கிற தண்ணி ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துட்டுப் போயிடும்” என்றேன். பிள்ளை கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டது. அவளுக்குத் தெரிந்த ஆவி, அப்பாயி சொல்லும் கதைகளில் புளியமரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆவி.

இட்லிப் பானையைத் திறந்து காட்டி இது அந்த ஆவி இல்லை என்று புரியவைத்தேன். பிறகு ஒரு கையில் தனக்கா, இன்னொரு கையில் வெறும் தண்ணீர் பூசி இரண்டையும் விசிறச் சொன்னேன். “ரெண்டும் ஜில்லுன்னு இருக்கு!” காய்ந்த பிறகு இரண்டிலும் அந்த ஜில் இல்லை. ஆக, பூசியவுடன் வரும் ஜில்லுக்குப் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள், நான் சொல்லவில்லை. நம் வீடுகளில் வேண்டியது இந்தச் சின்னச் சொற்கள்தான் என்று எனக்குப் படுகிறது. ஆவி, அழுத்தம், பிளவு, உராய்வு. சமையல்கட்டிலேயே இருக்கிற சொற்கள். பிள்ளை தமிழில் கேட்டதற்குத் தமிழில் பதில் கிடைக்காவிட்டால், அடுத்த கேள்வியைத் தமிழில் கேட்கவே கேட்காது.

ஆவியிலிருந்து பேச்சு பேய்க்குப் போனது. பேய்க்கு நிழல் விழாது என்று அப்பாயி சொல்லியிருக்கிறாள். வாய்ப்பை நான் விடவில்லை. ரங்கூன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 17 டிகிரியில் இருக்கிறது. சூரியன் வடக்கே 23½ டிகிரி வரை போய்த் திரும்புவதால் வருஷத்தில் இரண்டு தடவை நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்தாக வேண்டும். மே முதல் வாரத்தின் கடைசியில் ஒன்று, ஆகஸ்ட் முதல் வாரத்தின் கடைசியில் ஒன்று. ஆகஸ்டில் மழை மூடிக்கொள்ளும், மே-யை விட்டால் இல்லை. மொட்டை மாடிக்கு அவளையும் ஒரு நல்லெண்ணெய் பாட்டிலையும் கூட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிஷம். பாட்டிலின் நிழல் சுருங்கிச் சுருங்கி அடிப்பாகத்துக்குள்ளேயே போய்விட்டது. செருப்பில்லாமல் வந்தவள் சூடு தாங்காமல் குதித்துக்கொண்டே கீழே பார்த்துக் கத்தினாள். “எனக்கும் நிழல் இல்ல! தாத்தா, நாமதான் பேய்!” இறங்கிப் போய் அப்பாயியை அரைமணி நேரம் பயமுறுத்தினாள்.

சில கடன்கள் அடையாது. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கிற வண்டி ஏன் சாலையிலும் வலது பக்கமே ஓடுகிறது என்று கேட்டாள். 1970-ல்தான் இடப்பக்கம் ஓடிய வண்டிகளை வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள், அப்போது எனக்குப் பதினோரு வயது, சாலையைக் கடக்க மறுபடி பழகினேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களுக்கு மட்டும் ஸ்டியரிங் வலப்பக்கமே நின்றுவிட்டது. ஏன் மாற்றினார்கள்? ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எது நிஜம் என்றாள். தெரியாது என்றே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நான் கேட்டு அடையாத கடனும் ஒன்று உண்டு. 1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, எங்கள் பெரியப்பா குடும்பம் கப்பல் ஏறியது. துறைமுகத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து, “நாம ஏன் போகல?” என்று கேட்டேன். “சும்மா இரு” என்றார். பிறகும் இரண்டு மூன்று தடவை கேட்டேன், அதே பதில். அவர் போய் முப்பது வருஷம் ஆகிறது. பதில் தெரியாமல் இருந்திருக்கலாம், தெரிந்து சொல்ல முடியாமலும் இருந்திருக்கலாம். “எனக்கே தெரியலடா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்குப் போதும். அதனால்தான் பிள்ளைகளிடம் ‘பெரியவளானா தெரியும்’ என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. நான் பெரியவனாகி, கிழவனும் ஆகிவிட்டேன். தெரியவில்லை.

போனில் தேடிக்கொள் என்று கொடுத்துவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. விபிஎன் போட்டு, கரண்ட் இருந்து, லைன் கிடைத்துப் பதில் வருவதற்குள் கேள்வி ஆறிப்போய்விடும் என்பது ஒரு பக்கம். கையைத் தேய்த்துப் பார், பாட்டிலை நிறுத்திப் பார் என்று போன் கூட வந்து நிற்காது.

கடைசியாக வெற்றிலை. எனக்குக் குன்யா (பர்மிய வெற்றிலைச் சுருள்) பழக்கம், நாற்பது வருஷம். “வெத்தல பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கு பழுப்பு. உங்க வாய் மட்டும் ஏன் சிவப்பு?” நம் வழக்கப்படி, “அப்பாயிக்கு என் மேல ஆசை அதிகம்னா நல்லா சிவக்கும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். ஆதிசேஷன் விஷயத்தில் பட்டும் புத்தி வரவில்லை பாருங்கள். அவள் தெருமுனை வெற்றிலைக் கடைக்காரரை உதாரணம் காட்டினாள். “அவருக்குக் கல்யாணமே ஆகலியே?”

சரி என்று மூன்று சாஸர் எடுத்தேன். ஒன்றில் கசக்கிய வெற்றிலையும் சுண்ணாம்பும். இரண்டாவதில் சீவின பாக்கும் சுண்ணாம்பும். மூன்றாவதில் வெற்றிலையும் பாக்கும், சுண்ணாம்பு இல்லாமல். எல்லாவற்றிலும் கொஞ்சம் தண்ணீர். இரண்டாவது மட்டும் மெல்ல மெல்லச் சிவந்தது. பாக்கில் இருக்கிற துவர்ப்புச் சத்து சுண்ணாம்பின் காரத்தில் நிறம் மாறுகிறது, காசுக்கட்டி சேர்த்தால் இன்னும் கருஞ்சிவப்பு. வெற்றிலைக்கும் இந்தச் சிவப்புக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ரொம்பப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் சாஸரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதேதான் தாத்தா வாய்க்குள்ளயும் நடக்குதா? வாய்க்கு ஒண்ணும் ஆகாதா?”

ஆகும். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்குகூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. பாக்கே தனியாகவும் உண்டாக்கும். நான் போடுவதில் புகையிலையும் உண்டு. ‘ஆமாம்’ என்று தலையாட்டித் தப்பிக்கிற ஆள் இல்லை நான் இப்போது, அதனால் உள்ளதைச் சொன்னேன்.

ஒன்றும் பேசாமல் நோட்டை எடுத்து, பின்பக்கம் திருப்பி, அவளே எழுதினாள். கோயில் வகுப்புத் தமிழ், பிழையோடு. “தெறிஞ்சும் தாத்தா ஏன் போடுராங்க?” பக்கத்தில் தேதி. கடன் எழுதினால் தேதி போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

அது ஏழு வாரத்துக்கு முந்தைய தேதி.