புத்ராஜெயாவில் நாலு நிரை பால்மரம் வேண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா போயிருந்தேன். இத்தனை வருடம் அங்கே போனதெல்லாம் அலுவலக வேலையாகத்தான். ஊர் சுற்றிப் பார்க்கவென்று போனது இதுவே முதல் தடவை. கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறினால் இருபது நிமிடம். இப்போது எம்.ஆர்.டி. நகர ரயிலும் அங்கேதான் போய் முடிகிறது.

அழகான ஊர், அதில் சந்தேகமே இல்லை. ஏரிக்கரையில் இளஞ்சிவப்புக் கல்லில் எழும்பி நிற்கும் புத்ரா பள்ளிவாசல், பக்கத்திலேயே பச்சைக் குவிமாடத்தோடு பிரதமர் அலுவலகம். பள்ளிவாசலில் கொடுத்த அங்கியைப் போட்டுக்கொண்டு அம்மா உள்ளே போய், கூரையை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அந்த ஏரிகூட இயற்கையானது இல்லை. சுங்கை சுவாவ் ஆற்றுக்கு அணை கட்டி, வரும் தண்ணீரைச் செடிகள் வடிகட்டட்டும் என்று மேலே சதுப்புநிலமும் அமைத்து உருவாக்கியது. ஒரே குறை வெயில். நடு வீதி நாலு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. ஞாயிறு என்பதால் அரசு ஊழியர்கள் இல்லை, சாலை வெறிச்சோடிக் கிடந்தது. வயதானவர்களோடு போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள்.

பாலத்தில் நிற்கும்போதுதான் அம்மா கேட்டார்: "இங்க நிரை பிடிச்சு மரம் வெட்டினவங்க எல்லாம் எங்கப்பா போனாங்க?"

அம்மா காஜாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மரம் வெட்டுவது என்றால் பட்டையைக் கீறிப் பால் எடுப்பது; நிரை என்பது மர வரிசை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, கத்தியும் வாளியுமாக இருட்டிலேயே பால் வெட்டும் வெளிக்காட்டுக்குப் போனவர். அவருக்கு இந்த இடம் இன்னும் பிராங் புசார் தோட்டம்தான். முதல் உலகப்போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் 1921இல் தொடங்கிய தோட்டம் அது. பெயருக்கே 'பெரும்போர்' என்றுதான் பொருள். 1995இல் நகர வேலை தொடங்கியது, 1999இல் பிரதமர் அலுவலகம் கோலாலம்பூரிலிருந்து இங்கே வந்தது. பிராங் புசாரிலும் சுற்றியிருந்த தோட்டங்களிலும் இருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. அந்தக் கட்டடங்கள் விரிசல் விட்டன. சொந்தமாகத் தரைவீடு வேண்டும் என்று அந்த மக்கள் இருபது வருடத்துக்கும் மேல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாட்டின் தலைமைச் செயலகத்துக்கு இடம் விட்டுக் கொடுத்தவர்களை இத்தனை காலம் காக்க வைத்தது அநியாயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரப்பர் பயிரிடுகிறவர்களிடம் பி.பி. 86, பி.பி. 260 என்று சொல்லிப் பாருங்கள், உடனே தெரியும். அந்த 'பி.பி.' பிராங் புசார்தான். இந்த மண்ணில் தேர்ந்தெடுத்து வளர்த்த ரகங்கள் கேரளா, இலங்கை, இந்தோனேசியா, ஆப்பிரிக்கா வரை போய் வேர் பிடித்தன. எந்த மரம் அதிகம் பால் சுரக்கிறது என்று தினம் பால் வடியும் கிண்ணத்தை, மங்கு மங்காக, எடுத்துப் பார்த்த கைகளில் எத்தனை நம் பாட்டிகளுடைய கைகள்! அன்று நாங்கள் சுற்றிய இடங்களில் இதைப் பற்றி ஒரு பலகையைக்கூடப் பார்க்கவில்லை.

புத்ராஜெயாவுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவே மாட்டேன். கட்டாயம் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். நான் கேட்பது ஒன்றுதான்: அங்கே இருக்கும் பெரிய தாவரவியல் பூங்காவில் நாலு நிரை பி.பி. மரம் நடட்டும். மரத்தில் மங்கு கட்டட்டும். பக்கத்திலேயே மலாயிலும் தமிழிலும் ஒரு பலகை வைத்து, எந்தெந்தத் தோட்டம் இங்கே இருந்தது, யார் உழைத்தார்கள், எங்கே போனார்கள் என்று எழுதட்டும்.

ரயிலில் திரும்பும்போது இதை அம்மாவிடம் சொன்னேன். "கோடு எந்தப் பக்கம் சாய்ச்சு வெட்டணும்னு தெரிஞ்ச ஆளா பாத்து விடச் சொல்லு, இல்லன்னா மரம் காயமாயிடும்" என்றார்.