றெக்கைக்கு ஒரு ஃப்ளைட்டு

(பம்மல்ல ஒரு மொட்டை மாடி. ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி, குடியிருக்குற பையன்.)

ஆன்ட்டி: தம்பி, நீ கேமராவ ஜன்னல் பக்கம் திருப்புறியாம், எதிர்வீட்ல கம்ப்ளைன்ட்.

பையன்: ஐயோ ஆன்ட்டி, ஃப்ளைட்டு அந்தப் பக்கமாதான் எறங்குது, நான் என்ன பண்ண! இதப் பாருங்க, பெலுகான்னு ஏர்பஸ் கம்பெனியோட ஃப்ளைட்டு, 2022 ஜூலைல மீனம்பாக்கம் வந்தப்ப எடுத்தது.

ஆன்ட்டி: அட, இது குரூப்ல வந்துச்சே, உலகத்துலயே பெரிய ஃப்ளைட்டுன்னு. எத்தன சீட்டு?

பையன்: யாருதான் இதெல்லாம் ஃபார்வர்ட் பண்றாங்களோ! பெருசுன்னா அன்டோனோவ் 225, ஆறு இன்ஜின், அதே வருஷம் உக்ரைன் சண்டைல அழிஞ்சுபோச்சு. இது வயிறு மட்டுந்தான் பெருசு, தூக்குறது நாப்பது டன்னு சொச்சம்.

ஆன்ட்டி: அவ்ளோதானா? மிச்சம் காத்தா?

பையன்: கிட்டத்தட்ட! விமான றெக்கைய ஏத்துறதுக்குன்னே செஞ்சது, அதுக்கு வெயிட்ட விட எடம்தான் முக்கியம்.

ஆன்ட்டி: ஃப்ளைட்டோட றெக்கைய இன்னொரு ஃப்ளைட்டு தூக்கிட்டுப் போகுதா?

பையன்: ஆமா, ஏர்பஸ்ஸுக்கு றெக்கை பிரிட்டன்ல, உடம்புத் துண்டு ஜெர்மனில, வால் ஸ்பெயின்ல, எல்லாத்தையும் சேக்குறது பிரான்ஸ்ல துலூஸ் மாதிரி ஊருங்கள்ல.

ஆன்ட்டி: ஒரே ஊர்ல செஞ்சா இந்த ஃப்ளைட்டே வேணாமே.

பையன்: நாலு நாட்டுக் கம்பெனி ஆன்ட்டி, ஆளுக்கொரு பங்கு குடுக்கணும்ல.

ஆன்ட்டி: எங்க மாமனார் வீடு மாதிரி சொல்லு. அடுப்படி பெரியவருக்கு, பாத்ரூம் சின்னவருக்கு. சரி, எத்தன சீட்டு?

பையன்: சீட்டே இல்ல! சாமான் வைக்கிற எடத்துல ஆளு மூச்சு விடுற அளவுக்குக் காத்தழுத்தம் ஏத்துறதே கெடையாது. காக்பிட்டப் பாருங்க, தாடை மாதிரி கீழ எறக்கி வெச்சிருக்காங்க, மேல கதவத் தொறந்தாலும் அது அசையாது. இதுக்கு முன்னாடி இருந்த சூப்பர் கப்பில மூக்கு காக்பிட்டோட சேந்து ஒதுங்கும், ஒவ்வொரு தடவையும் கண்ட்ரோல் லைனக் கழட்டி மாட்டணும், அந்தத் தலைவலிய ஒழிக்கத்தான்...

ஆன்ட்டி: டிக்கெட் எவ்ளோ?

பையன்: ஆன்ட்டீ!

ஆன்ட்டி: கோவப்படாத. இங்க எதுக்கு வந்துச்சு?

பையன்: ஃப்யூயல் போட.

ஆன்ட்டி: பெட்ரோல் போட வந்ததுக்கா அன்னிக்கு அத்தன டிவிலயும் நியூஸு? நம்ம தெருவுக்குத் தண்ணி லாரி வந்து ஒரு வாரம் ஆச்சு, அத ஒருத்தனும் போட்டோ எடுக்கல. ஏன்டா, பறக்குற ஃப்ளைட்டு வயித்துல எழுதின நம்பரயே படிச்சிருவேன்னியே, அந்த முக்குல நிக்கிற லாரி நம்பரப் படி பாப்போம், நம்ம வார்டு லாரின்னா நான் குடத்த எடுக்கணும்.