மேயருக்குத் தனிப் புள்ளடி கிடையாது

'வாக்குச்சீட்டில் மேயருக்கு ஒரு புள்ளடி, வட்டார உறுப்பினருக்கு ஒரு புள்ளடி, இரண்டும் போடாவிட்டால் வாக்கு செல்லாது' என்று யாழ்ப்பாணம் முழுக்க வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பொய். சின்னம்மாவும் போனை நீட்டி, "இப்படித்தானே பிள்ளை?" என்று கேட்டபோது எனக்குப் பதறிவிட்டது, ஏனென்றால் அதை நம்பி இரண்டு சின்னங்களுக்கு நேரே புள்ளடி போட்டால்தான் வாக்கு பழுதாகும்.

உள்ளூராட்சித் தேர்தலில் உங்களுக்கு ஒரே வாக்கு, ஒரே புள்ளடி. சீட்டில் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் அவற்றின் சின்னங்களும் மட்டும்தான் இருக்கும், ஆட்களின் பெயர் இருக்காது. வேட்பாளரைத் தெரிந்து போடும் விருப்பு வாக்கும் இல்லை, அது பாராளுமன்ற, மாகாண சபைத் தேர்தல்களுக்குரியது.

சரி, மேயர் எப்படி வருகிறார்? ஒரு கட்சிக்குப் பாதிக்கு மேல் ஆசனம் கிடைத்தால் அதுவே பெயரைக் கொடுக்கும். இல்லையென்றால் முதல் கூட்டத்தில் உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவார்கள். கூடுதல் ஆசனம் எடுத்த கட்சிக்குத்தான் கதிரை என்பதும் இல்லை: 2018இல் யாழ்ப்பாண மாநகர சபையின் 45 ஆசனங்களில் 16ஐ எடுத்துத் தமிழரசுக் கட்சி முன்னுக்கு நின்றது, அதன் ஆர்னோல்ட் மேயரானார், ஆனால் 2020 டிசம்பரில் அவருடைய வரவு செலவுத் திட்டம் தோற்றுப் பதவி போக, வேறு கட்சியில் தெரிவான மணிவண்ணன் ஒரு வாக்கு வித்தியாசத்தில் அந்த இடத்துக்கு வந்தார்.

அந்தச் செய்தி உங்கள் குழுவிலும் கிடந்தால் அழித்துவிட்டு, அனுப்பியவருக்கும் சொல்லிவிடுங்கள்.