அந்த ஏழு கிலோமீட்டர்

மூன்று நாள் நன்றாகத்தான் போனது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல், நடுவில் சைக்கிளும் நடப்பவர்களும் மட்டும் போகிற பாதை. நான்காம் நாள் காலை அந்தப் பாதை ஒரு பாலத்தடியில் முடிந்துவிட்டது. சாலைக்கு ஏறச் சொல்லி ஓர் அம்புக்குறி. மேலே ஏறிப் பார்த்தால் லாரிகள் பறக்கும் பெருஞ்சாலை, ஓரத்தில் ஒரு முழம் இடம். ஏழு கிலோமீட்டர் அப்படியே ஓட்டினோம். மறுபடி ஆற்றங்கரைக்கு இறங்கியதும் அக்கா சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. "இனிமே என்னால முடியாதுடா, நீ வேணா போ" என்றாள். அன்று மதியமே ரயிலேறித் திரும்பிவிட்டோம்.

அவளுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. இருபது வருடம் கழித்து சைக்கிளைத் தொட்டவள். அந்த மூன்று நாளில் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் சிரித்துக்கொண்டே ஓட்டியிருந்தாள். ஏழு கிலோமீட்டர் அத்தனையையும் அழித்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு கருத்துதான். நீண்ட தூர சைக்கிள் பாதை எதுவாக இருந்தாலும் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்று நான் கேட்பதில்லை. எங்கே அறுபடுகிறது என்றுதான் கேட்கிறேன். "தொண்ணூறு சதவீதம் கார் இல்லாத பாதை" என்று பெருமையாக எழுதுகிறார்கள். யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதை முடிவு செய்வது மிச்சமுள்ள பத்து சதவீதம். துணிச்சலான இளைஞர்கள் எப்படியும் கடந்துவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளையோடு வருகிறவர், வயதானவர், அக்காவைப் போலப் புதிதாகத் தொடங்கியவர் எல்லாரும் அந்த இடத்தோடு நின்றுவிடுவார்கள்.

கார் ஓடும் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவரின் பாதி உயிர் காதில் இருக்கிறது. பின்னால் வருவது காரா லாரியா, எவ்வளவு தூரத்தில், ஒதுங்கிப் போகுமா, உரசிக்கொண்டு போகுமா என்று மனம் ஓயாமல் கணக்குப் போடும். கண் முன்னால் இருந்தாலும் கவனம் முதுகில். ஆற்றையும் மலையையும் பார்க்கப் போனவர் சாலையோரக் கோட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவார். சாலையில் ஒரு கோடு போட்டு, சைக்கிள் படம் வரைந்து, இதுதான் உங்கள் பாதை என்று காட்டுவதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். அந்தக் கோடு லாரியைத் தடுக்காது, காதையும் ஓயவிடாது.

அடுத்த வருடம் அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடி டான்யூப் கரைக்கு அழைத்துப் போனேன். ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை, சுமார் 320 கிலோமீட்டர். ஏழு நாள் வைத்துக்கொண்டோம். பாசாவில் மூன்று ஆறுகள் சேர்கின்றன: டான்யூப், இன், இல்ஸ். அங்கிருந்து கிளம்பினால் பெரும்பாலும் தண்ணீருக்குப் பக்கத்திலேயே பாதை. அங்கங்கே குறுகலான ஊர்ச் சாலைகளும் உண்டு, அதில் விவசாயிகளின் டிராக்டர் வரும், வீட்டுக்காரர்களின் வண்டி வரும். அது யாருக்கும் தொந்தரவாக இல்லை. கார் இல்லாத பாதை என்றால் அங்கே வாழ்கிறவர்களை விரட்டுவது என்று நான் சொல்லவில்லை. அவசரமாக ஊடே பாய்ந்து போகும் வண்டிகள் வராமல் இருந்தால் போதும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அக்கா திடீரென்று பிரேக் பிடித்தாள். "டேய், இன்னைக்கு முழுக்க நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலை, கவனிச்சியா?" என்றாள். நான் வேறொன்றைக் கவனித்திருந்தேன். காலையிலிருந்து இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டியபடி பேசிக்கொண்டே வந்திருந்தோம். அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி நாங்கள் அதற்கு முன் வாய் திறந்ததே இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம், கண் பாதையில் இருக்கும், கால் தன் பாட்டுக்கு மிதிக்கும். அப்படி ஓட்டும்போதுதான் சில பேச்சு வெளியே வருகிறது. சாலையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும், அங்கே பேச்சுக்கு இடமே இல்லை.

இந்தப் பாதை இப்படி அமைந்தது சைக்கிள்காரர்களை நினைத்து அல்ல. இயந்திரம் வருவதற்கு முன் சரக்குப் படகுகளை ஆற்றின் போக்குக்கு எதிராக இழுத்துப் போனவை குதிரைகள். அவை நடக்கக் கரையோரம் தடம் வேண்டியிருந்தது. ட்ரெப்பல்வெக் என்று அதற்கு அங்கே பெயர். 19-ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்ததும் குதிரைகளுக்கு வேலை போனது, தடம் மட்டும் மிஞ்சியது. பாரம் இழுக்கும் குதிரைக்குப் பொருந்திய சரிவு பை கட்டிய சைக்கிளுக்கும் பொருந்தும். பாசாவிலிருந்து வியன்னா வரை ஆறு மொத்தமாக இறங்குவதே நூற்றைம்பது மீட்டருக்கும் குறைவுதான். அதனால் இறக்கம் தருகிற உதவி கொஞ்சம்தான், காற்றுதான் எசமான். அந்தப் பக்கம் மேற்குக் காற்று அதிகம் என்பதால் பெரும்பாலோர் கிழக்கு நோக்கியே ஓட்டுகிறார்கள். நாங்களும் அப்படித்தான்.

ஷ்லோகன் என்ற இடத்தில் டான்யூப் கடினப் பாறையைத் துளைக்க முடியாமல் வந்த வழியே திரும்புவதுபோல வளைகிறது. காடும் செங்குத்தான சரிவும் தண்ணீர் வரை இறங்குவதால் ஒரு கரையில் சைக்கிள் பாதைக்கே இடமில்லை. அங்கே என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? சைக்கிளோடு நம்மைச் சிறு படகில் ஏற்றி, பாதை மறுபடி தொடங்கும் இடத்தில் இறக்கிவிடுகிறார்கள். படகில் நின்றபோது எனக்கு அந்தப் பழைய பாலத்தடிதான் நினைவுக்கு வந்தது. அங்கே ஓர் அம்புக்குறி, இங்கே ஒரு படகு.

கைவிட்ட ரயில் பாதைகளும் இதே இனம்தான். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும், செங்குத்தாக ஏறாது. அதனால் மலையைக் குடைந்தும் பள்ளத்தில் பாலம் கட்டியும் சமன் செய்து வைத்தார்கள். ஸ்பெயினின் தெற்கே ஒல்வேராவிலிருந்து புவெர்த்தோ செர்ரானோ வரை 36 கிலோமீட்டர். வழியில் 30 சுரங்கங்கள், 4 பெரிய பாலங்கள். 1920-களில் கட்டத் தொடங்கி, ஒரு ரயில்கூட ஓடாமலே விட்டுவிட்டார்கள். இன்று அதில் சைக்கிள் போகிறது, மேலே பாறு கழுகுகள் வட்டமிடுகின்றன. மலை நாட்டில் என் அக்கா சைக்கிள் ஓட்ட வேண்டுமென்றால் இப்படிப்பட்ட பாதை ஒன்றுதான் வழி.

ஆனால் இவை தானாகப் பிழைப்பதில்லை. அமெரிக்காவில் பொடோமக் ஆற்றங்கரையில் ஒரு பழைய கால்வாய் உண்டு. படகு இழுத்த கோவேறு கழுதைகள் நடந்த தடம் அதன் கூடவே போகிறது, 297 கிலோமீட்டர். 1950-களில் அதன்மேல் கார் சாலை போடத் திட்டமிட்டார்கள். வாஷிங்டன் போஸ்ட் தலையங்கம் எழுதி ஆதரித்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ், என்னோடு அந்த வழி முழுக்க நடந்து பாருங்கள் என்று அந்தத் தலையங்க ஆசிரியர்களுக்கு அழைப்பு விடுத்தார். 1954 மார்ச்சில் நடந்தார்கள், எட்டு நாள். முழுத் தொலைவையும் முடித்தவர்கள் டக்ளஸையும் சேர்த்து 9 பேர். பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது. சாலை வரவில்லை. 1971-ல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவானது. பிட்ஸ்பர்க்கிலிருந்து வரும் பழைய ரயில் தடமும் 2013-ல் முழுமையடைந்து அதோடு சேர்ந்துகொண்டது. இப்போது பிட்ஸ்பர்க் முதல் வாஷிங்டன் வரை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாம். டக்ளஸைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எட்டு நாள் நடை எத்தனை பேரைச் சுமக்கிறது!

பிரிட்டனில் இதற்கு எதிர்மாறாக நடந்தது. 1963-ல் நஷ்டத்தில் ஓடும் ரயில் பாதைகளை மூடச் சொன்ன பீச்சிங் அறிக்கை வந்து ஆயிரக்கணக்கான மைல் ரயில் பாதைகள் மூடப்பட்டன. பல இடங்களில் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள், பாலங்களை இடித்தார்கள். ஒரு துண்டில் வீடு எழும்பிவிட்டால் முழுப் பாதையும் போயிற்று, பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒட்டாது. அமெரிக்காவில் 1983-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் இந்த ஆபத்தைச் சரியாகப் புரிந்துகொண்டது: ரயில் நின்றுபோனாலும் தடத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளலாம், நாளை ரயில் தேவைப்பட்டால் திரும்ப எடுக்கலாம், அதுவரை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விடலாம். ரயில் நின்றுபோன எந்த நாட்டுக்கும் இது பொருந்தும். முதலில் விற்காமல் இருங்கள், தார் போடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் பெரிய செலவாகும் என்பார்கள். பெல்ஜியத்தின் லிம்பர்க்கில் 1995-ல் ஹூகோ போலன் என்ற முன்னாள் நிலக்கரிச் சுரங்கப் பொறியாளர் ஏற்கனவே இருந்த அமைதியான வழிகளையே கோத்தார். பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் கொடுத்தார், சுரங்கத்துக்குள் கொடுப்பதுபோல. போக வேண்டிய எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு கிளம்பினால் போதும். அந்த முறை நெதர்லாந்துக்கும் பரவிவிட்டது. பாதி இடங்களில் வழி ஏற்கனவே இருக்கிறது, கோக்கத்தான் ஆள் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் சைக்கிளைத் தடுக்கிறோம் என்று பாதை வாயிலில் இரும்புத் தடுப்பை வளைத்து வளைத்து வைக்கிறார்கள். பை கட்டிய சைக்கிளைத் தூக்கித்தான் தாண்ட வேண்டும். கையால் இயக்கும் மூன்று சக்கர வண்டியில் வருகிறவர் என்ன செய்வார்? அவருக்கு அந்தத் தடுப்புதான் ஏழு கிலோமீட்டர்.

ஏழாம் நாள் வியன்னா. பெருநகரம் வருகிறது என்றதும் அக்கா பழையபடி இறுகிப்போனாள், ஹேண்டிலை அழுத்திப் பிடித்திருந்தாள். ஆனால் நகரம் வந்தும் சாலை வரவில்லை. வெள்ளத்தைத் திருப்பிவிடத் தோண்டிய கால்வாயின் மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு ஒன்று டான்யூபின் நடுவே 21 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. அதன் மேலேயே உள்ளே போனோம். எங்கள் விடுதிக்குத் திரும்ப வேண்டிய பாலம் வந்தது. நான் கை காட்டினேன். அவள் பார்த்தும் நிற்கவில்லை, நேராக மிதித்துக்கொண்டே போனாள். பின்னாலேயே போய்ப் பிடித்தபோது, "இது எது வரைக்கும்டா போகுது?" என்று கேட்டாள்.