மும்பையில் இருக்கலாம், வீடு வாங்கத்தான் வேண்டாம்

கோவில்பட்டிக்கு எப்போது போனாலும் சித்தி தவறாமல் கேட்கிற கேள்வி, "வாடகை எவ்வளவு குடுக்கீங்க?" மும்பையின் முலுண்டில் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு நாற்பதாயிரத்துக்கு மேலே என்றதும் அடுத்த பத்து நிமிடத்துக்கு வேறு பேச்சு கிடையாது. அந்தக் காசில் கோவில்பட்டியில் எத்தனை மனை வாங்கியிருக்கலாம், எந்த ரோட்டில் வாங்கியிருக்கலாம், யார் யார் வாங்கி இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வரும். அதன் முடிவில் வழக்கமான தீர்ப்பு: "வாடகையா அழுறதுக்குக் கடனை வாங்கியாவது பம்பாயிலேயே ஒரு வீட்டை வாங்கிப் போடுங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. பம்பாயில் பல வருடம் வாடகைக்குக் குடியிருந்த அனுபவத்தில் சொல்கிறேன். இந்த ஊரில் இருப்பது லாபமான காரியம். சம்பளத்தை நம்பி இருக்கிறவர்கள் இங்கே வீடு வாங்குவதுதான் நஷ்டம். நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலில், இங்கே எது விலை அதிகம்? இடம் மட்டும்தான். லோக்கல் ரயிலில் குறைந்தபட்ச டிக்கெட் இன்னும் 5 ரூபாய். இந்த ஊரின் டவுன் பஸ்ஸான பெஸ்ட்டில் 2025 மே மாதத்தில்தான் 5 ரூபாயை 10 ஆக்கினார்கள், அதற்கே ஊர் முழுக்க முணுமுணுப்பு. ஆட்டோ மீட்டர் போட்டுத்தான் ஓடும். 26 ரூபாயில் ஆரம்பிக்கும், மிச்சச் சில்லறையைத் திருப்பித் தருவார்கள். சென்னையில் 2013-இல் நிர்ணயித்த மீட்டர் கட்டணத்தை வைத்துக்கொண்டு ஆட்டோக்காரரும் நாமும் தினம் நடத்துகிற பேரத்தை நினைத்தால், இதற்காகவே இந்த ஊருக்கு ஒரு கும்பிடு போடலாம். பக்கத்திலிருக்கிற தானே மாவட்டத்துப் பக்கமுள்ள ஏரிகளிலிருந்து தண்ணீர் குழாயில் வருகிறது, வீட்டில் ஒரு ஃபில்டர் மாட்டினால் போதும். சென்னையில் இருக்கும் என் தோழி மாதாமாதம் கேன் தண்ணீருக்குக் கணக்கு எழுதுகிறாள். நான் அந்த வார்த்தையையே மறந்துவிட்டேன். (எல்லா இடத்திலும் இப்படி இல்லை. நகரத்தைத் தாண்டி வசாய், விரார் பக்கம் புதிதாகக் கட்டிய பல குடியிருப்புகளில் டேங்கர்தான் கதி.)

அப்புறம் வேலை. இதைச் சம்பளக் கணக்காக மட்டும் பார்க்கக் கூடாது. கணவன், மனைவி இருவரும் படித்திருந்தால், இருவருக்கும் ஒரே ஊரில் அவரவர் துறையில் வேலை கிடைப்பது சின்ன ஊரில் நடக்காது. யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், அது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் கணவர் வேலை பார்த்த கம்பெனியில் ஒருமுறை அவருடைய பிரிவையே மூடிவிட்டார்கள். சில மாதம் பயந்தோம். பிறகு இதே ஊரில், பொவாயில் வேறு வேலை கிடைத்தது. வீடு மாறவில்லை, பிள்ளையின் பள்ளிக்கூடம் மாறவில்லை, பால்காரர்கூட மாறவில்லை. வேறு பல ஊர்களில் வேலை போனால் ஊரும் சேர்ந்து போயிருக்கும். பெரிய ஊருக்குக் கொடுக்கிற அதிக வாடகையில் ஒரு பங்கு இந்தப் பாதுகாப்புக்கு என்றே நான் வைத்துக்கொள்கிறேன்.

பெண்களுக்கு இந்த ஊர் கொடுப்பதை ரூபாயில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ராத்திரி பத்தரைக்கு ஆபீஸ் முடிந்து லேடீஸ் பெட்டியில் ஏறினால் உள்ளே நர்ஸ், கடை வேலை பார்க்கிற பெண், ஹேர்கிளிப் விற்கிற அக்கா, டியூஷன் முடிந்த மாணவி என்று கூட்டம் இருக்கும், ராத்திரிக் காவலுக்கு ஒரு போலீஸ்காரரும் இருப்பார். முழு ரயிலையும் பெண்களுக்கே விடுகிற லேடீஸ் ஸ்பெஷல் 1992-லேயே இங்கே ஓட ஆரம்பித்துவிட்டது. வாசலில் இறங்கும்போது "இந்நேரம் எங்க போயிட்டு வாற?" என்று கேட்க யாருமில்லை. ஊரில் இருக்கும் தங்கைகளிடம் இதைச் சொன்னால் மட்டும் அவர்கள் வாடகையைப் பற்றிக் கேட்பதில்லை.

சாதி தெரியாத ஊர் என்று சிலர் எழுதுவார்கள், அதை நம்பாதீர்கள். நம் பெயரில் சாதி ஒட்டிக்கொண்டு வராததால் இங்குள்ளவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். அப்பா பெயரை சர்நேம் என்று பாரத்தில் எழுதப்போய், பாங்க்காரர் என்னை என் அப்பா பெயரால் "மிஸஸ்" போட்டுக் கூப்பிடுவார். சாதியைக் கேட்க வேண்டிய இடத்தில் அவர்கள் கேட்பது "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" வீடு தேடும்போது இதுதான் முதல் வடிகட்டி. மீன் சமைப்போம் என்றதும் புரோக்கர் குரல் மாறும். முஸ்லிம் பெயராக இருந்தால் பல சொசைட்டிகளில் (வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற அடுக்குமாடிக் குடியிருப்புகளில்) வீட்டைப் பார்க்கவே விடமாட்டார்கள், பெயரைக் கேட்டதுமே அந்த வீடு "போயிடுச்சு" என்று ஆகிவிடும். கல்யாணமாகாதவர்கள் என்றால் ராத்திரி யார் வரலாம், எத்தனை மணிக்குள் வரலாம் என்று தனிச் சட்டம். இத்தனை பெரிய நகரம் இந்த விஷயத்தில் நம் அக்ரகாரத்தை விட ஒன்றும் விசாலமில்லை.

கஷ்டங்களில் ஊர்க்காரர்கள் கணக்கில் எடுக்காதது நேரம். முலுண்டிலிருந்து பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில் இருக்கிற ஆபீஸ், வரைபடத்தில் பக்கம்தான். ஸ்லோ லோக்கலில் குர்லா, பாலம் ஏறி இறங்கி, ஷேர் ஆட்டோ வரிசையில் நின்று, முழங்கால் இடிக்க உட்கார்ந்து போய்ச் சேரும்போது வேலை பார்த்துக் களைத்த மாதிரி இருக்கும். இதற்கே நான் அலுத்துக்கொள்கிறேன். விராரிலிருந்து சர்ச்கேட் வரை தினம் 60 கிலோமீட்டர் வருகிறவர்களும் இருக்கிறார்கள். மலிவான வாடகை தேடித் தள்ளிப் போனவர்கள் மிச்சப்படுத்திய ரூபாயை மணிக்கணக்கில் திருப்பிக் கட்டுகிறார்கள். உயிரைக் கட்டியவர்களும் உண்டு. இந்த ரயில் பாதைகளில் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். 2025 ஜூனில் மும்ப்ரா அருகே வளைவில் ஒன்றையொன்று கடந்த இரண்டு ரயில்களின் படிகளில் தொங்கியவர்கள் உரசி விழுந்து செத்தபோது இரண்டு நாள் பேசினோம். மூன்றாவது நாள் அதே படிகளில் அதே கூட்டம். இந்த ஊரின் "ஸ்பிரிட்" என்று பத்திரிகைகள் பாராட்டுகிற சமாச்சாரம் எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பும். வேறு வழியில்லாமல் மறுநாள் வேலைக்குப் போவதைப் பாராட்ட என்ன இருக்கிறது?

மழையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், 2005 ஜூலை 26-இல் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது உட்பட. விட்டுவிடுகிறேன். பெற்றோர் தூரத்தில் இருப்பதைப் பற்றி எழுத எனக்கு இப்போது மனசில்லை. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஒன்றரை நாள் எடுக்கும், அவசரத்துக்குத் தூத்துக்குடி விமானத்தின் விலையைப் பார்த்தால் தலை சுற்றும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, வீட்டுக்கு வருவோம். நாங்கள் இருப்பது போன்ற வீடு எங்கள் பக்கத்தில் ஒன்றரைக் கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், இதற்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம். அதே வீட்டின் வாடகை 40,000. வருடத்துக்கு 4,80,000. போட்ட முதலில் மூன்று சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். இதையே வாங்கினால் கையிலிருந்து 30 லட்சம் போட வேண்டும், முத்திரைத்தாள் 6 சதவீதம் என்று 9 லட்சம் தனி. (பெண் பெயரில் வாங்கினால் ஒரு சதவீதம் சலுகை.) மீதி 1 கோடியே 20 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடக் கடன் என்றால் மாதத் தவணை 1,04,000 ரூபாய். இதுபோக சொசைட்டி மெயின்டனன்ஸ், பார்க்கிங், வீட்டு வரி. அதாவது எட்டரை சதவீதத்துக்குக் கடன் வாங்கி, மூன்று சதவீதம் சம்பாதிக்கிற ஒரு பொருளை வாங்குகிறோம். நம்ம ஊர் வட்டிக்கடைக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார்.

"விலை ஏறுமே" என்பார்கள். ஏறலாம். 2014 வாக்கில் வாங்கிவிட்டு ஆறேழு வருடம் விலை அசையாமல், தவணை மட்டும் கட்டிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். பணம் கட்டியும் கட்டடம் எழும்பாமல் நீதிமன்றத்துக்கு நடந்தவர்களையும் தெரியும். விலை ஏறினாலும், குடியிருக்கிற வீட்டின் ஏற்றத்தை எப்படிச் சாப்பிடுவது? விற்றுவிட்டு ஊருக்குப் போகிற அன்றைக்குத்தான் அது காசு. அதுவரை லட்ச ரூபாய்த் தவணைக்குப் பயந்து பிடிக்காத வேலையில் ஒட்டிக்கொண்டிருப்போம். வேலை மாறலாம், நகரலாம் என்பதுதானே பெரிய ஊரின் பலம்? அதைத் தவணையாகக் கட்டி அடைத்துவிட்டால் பிறகு எதற்கு இங்கே இருப்பது?

வாடகை வாழ்க்கை இனிப்பு என்று நான் சொல்லவில்லை. பதினொரு மாத ஒப்பந்தம், லீவ் அண்ட் லைசென்ஸ் என்று பெயர். அது முடிகிற மாதம் வயிற்றில் ஒரு கல் விழும். புதுப்பிக்கிற ஒவ்வொரு முறையும் புரோக்கர் கமிஷனுக்கு வந்து நிற்பார், செய்த வேலைக்கு அல்ல, பழக்கத்துக்கு. பக்கத்துப் பழைய சொசைட்டியை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்றால் நமக்கு வினை. அங்கிருந்து வெளியேறுகிற வீட்டு உரிமையாளர்களுக்கு பில்டர் வாடகை கொடுக்கிறார், அவர்களும் அதே தெருவில்தான் வீடு தேடுவார்கள், எல்லா ஓனர்களும் வாடகையை ஏற்றிவிடுவார்கள். அதைச் சமாளிக்க முடியாதவர்களுக்கு இங்கே "ஹெவி டெபாசிட்" என்று ஒரு முறை இருக்கிறது, ஏறக்குறைய நம்ம ஊர் ஒத்திதான். மொத்தமாக ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமலோ கொஞ்சமாகவோ கொடுத்து இருக்கலாம். ஓனர் நாணயமானவராக இருக்க வேண்டும், நான் அந்தப் பக்கம் போகவில்லை.

"வயசான பிறகு என்ன பண்ணுவ, யார் வாடகைக்கு வீடு தருவா?" என்பது சித்தியின் கடைசி அஸ்திரம். நியாயமான கேள்வி. என் பதில், வயசான பிறகு இங்கே இருக்கப்போவதில்லை என்பதுதான். தவணைக்கும் வாடகைக்கும் இடையே இருக்கிற அந்த அறுபதாயிரத்தில் எங்களால் முடிந்த அளவை எடுத்து வைக்கிறோம். அந்தக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு நான் சொல்கிற கணக்கு பலிக்காது, அவர்கள் தவணை கட்டுவதே மேல். கட்டாயத்துக்காகவாவது ஏதோ ஒன்று மிஞ்சும். தாத்தா காலத்தில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வாங்கிப் போட்ட குடும்பங்களும் இந்தப் பேச்சில் சேர்த்தியில்லை. தாராவியில் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்பே வந்தவர்களுக்கு, குடிசைகளை இடித்துக் கட்டுகிற திட்டத்தில் 350 சதுர அடி வீடு சொந்தமாகக் கிடைக்குமா, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இங்கே இருந்ததற்குக் காகிதம் இருக்கிறதா என்பதுதான் வாழ்க்கைப் பிரச்சினை. வாங்கலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து யோசிக்க முடிவதே ஒரு வசதி.

புதிதாக வேலை கிடைத்து இங்கே வரப்போகிறவர்கள் இன்பாக்ஸில் கேட்பதால் இதையும் சொல்கிறேன். இருபதுகளில் இருந்தால் யோசிக்காமல் வாருங்கள். ஆபீஸிலிருந்து எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், அறை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்று எடுங்கள். ஒரு சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளோடு வருவதாக இருந்தால், கோயம்புத்தூரில் அதே வேலை கொஞ்சம் குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

எங்களுக்கு அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. ஓனர் பத்து சதவீதம் கேட்கிறார், நாங்கள் ஐந்தில் நிற்கிறோம். முலுண்ட் கிழக்கிலோ தானே நௌபாடாவிலோ, ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில், மீன் குழம்பு வாசனைக்கு ஆட்சேபணை இல்லாத ஓனர் யாரையாவது தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.