பதினாறு பேருக்கு ஒரு கப்பல்

கலாபகஸ் தீவுப் படங்களை இங்கே போட்ட நாளிலிருந்து ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது. "டீச்சர், அந்தக் கப்பலில் நீச்சல் குளம் இல்லை, கச்சேரி இல்லை, கடைத்தெரு இல்லை. பதினாறு பேர் மட்டும் போகிற படகுக்கு இத்தனை லட்சமா? அந்தப் பணத்தில் பெரிய கப்பலில் மூன்று தடவை போய் வந்திருக்கலாமே?" கேட்டவர்களில் நான்கு பேர் என்னிடம் பிளஸ் டூ உயிரியல் படித்தவர்கள். அவர்களுக்கு ஒரு வரியில் பதில் எழுதிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

பெரிய கப்பலிலும் நான் போயிருக்கிறேன். பணி ஓய்வு பெற்ற வருடம் மகளும் மருமகனும் அழைத்துப்போனார்கள். மூவாயிரம் பேருக்கு மேல். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு துறைமுகத்திலும் எண் போட்ட வில்லையைத் தோளில் ஒட்டிக்கொண்டு, எங்கள் எண்ணைக் கூப்பிடும்வரை ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இறங்கினால் வரிசையாக பஸ்கள். எந்தத் தெருவில் திரும்பினாலும் எங்கள் கப்பல் ஆட்களே. ஏழு நாளும் எங்களுக்குக் காபி ஊற்றிய பையனிடம் "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த மேசைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

என் அப்பா தூத்துக்குடித் தோணியில் தண்டல், அதாவது தோணித் தலைவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போனவர். தோணியில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் மனைவி பிள்ளைத்தாய்ச்சி என்றால் அது அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் கஞ்சி வைத்துக் கொடுப்பார். அப்படிப்பட்டவர் மகள் ஒரு வாரம் கப்பலில் இருந்துவிட்டு, ஒரு மாலுமியின் ஊர்கூடத் தெரியாமல் இறங்கி வந்தது எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. இனிமேல் கப்பல் என்றால் சின்னக் கப்பல்தான் என்று அப்போதே மகளிடம் சொல்லிவிட்டேன்.

கலாபகஸ் என்று முடிவு செய்தது நான்தான். முப்பத்து நான்கு வருடம் கரும்பலகையில், இந்தத் தீவுகளில் வாழும் டார்வினின் குருவிகளை, அலகு அலகாக வரைந்தவள் நான். வேறு எங்கே போவேன்? தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டுக் கரையிலிருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் கடலின் நடுவில் கிடக்கும் எரிமலைத் தீவுகள். குவயாகில் நகரிலிருந்து விமானத்தில் பால்ட்ரா தீவில் போய் இறங்கினால், படகுத்துறையில் சிறிய ரப்பர் படகு வந்து நிற்கும். அதற்கு அங்கே பாங்கா என்று பெயர்.

அங்கே கப்பல்கள் சிறியதாக இருப்பதற்குச் சட்டமே காரணம். நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றும் கப்பல் அந்தத் தீவுகளைச் சுற்ற முடியாது. கரையில் இறங்கும்போது பதினாறு பேருக்கு ஒரு வழிகாட்டி கட்டாயம். அவர் தேசியப் பூங்காவிடம் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களுக்கு ஒரு கப்பல் இன்று போனால் பதினான்கு நாள் கழித்துத்தான் மறுபடி போகலாம். மாலை ஆறு மணிக்குமேல் கரையில் யாரும் இருக்கக் கூடாது. தீவுகளின் நிலப்பரப்பில் 97 சதவீதம் தேசியப் பூங்கா. 1978இல் யுனெஸ்கோ முதன்முதலாக அறிவித்த 12 உலகப் பாரம்பரிய இடங்களில் இதுவும் ஒன்று.

பதினாறு என்ற அந்த எண்தான் நான் காசு கொடுத்து வாங்கியது. எஸ்பானியோலா தீவில் எனக்கு நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

காலை ஆறரை மணிக்கு இறங்கினோம். பாறையெங்கும் கடல் இகுவானாக்கள். நம் ஊர் உடும்பைப் போல இருக்கும், சிவப்பும் பச்சையும் பூசியதுபோல. மூக்கு வழியாக 'புஸ்' என்று உப்புநீரைப் பீச்சுகின்றன. எந்த விலங்கிடமிருந்தும் இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த விதி விலங்குகளுக்குத் தெரியாது அல்லவா? நான் ஒரு கல்லில் உட்கார்ந்ததும் சாம்பல் நிறப் பறவை ஒன்று ஓடிவந்து என் காலணி நாடாவைப் பிடித்து இழுத்தது. மாக்கிங்பேர்டு. நீண்டு வளைந்த அலகு, வெளிறிய மஞ்சள் கண். இழுத்துப் பார்த்தது, வரவில்லை; மறு பக்கமாகப் போய் நின்று இழுத்தது. டார்வின் 1835இல் கலாபகஸ் தீவுகளுக்கு வந்தபோது, உயிரினங்கள் மாறுமா என்று அவரை முதலில் யோசிக்க வைத்தவை குருவிகள் அல்ல, இந்த மாக்கிங்பேர்டு பறவைகள்தான். ஒரு தீவில் பார்த்ததும் அடுத்த தீவில் பார்த்ததும் வேறுவேறாக இருப்பதைக் கவனித்தார். இதை வகுப்பில் நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தப் பறவை என் காலடியில் நின்றது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

எங்கள் வழிகாட்டி சான் கிறிஸ்டோபல் தீவிலேயே பிறந்து வளர்ந்த பெண். நான் உயிரியல் ஆசிரியை என்று முதல் நாளே தெரிந்துகொண்டிருந்தாள். மற்ற பதினைந்து பேரையும் பார்த்துக் கொஞ்சம் நிற்கச் சொன்னாள். யாரும் முணுமுணுக்கவில்லை. ஏறக்குறைய இருபது நிமிடம் அந்தப் பறவைக்காகவும் எனக்காகவும் அத்தனை பேரும் அங்கேயே இருந்தார்கள். அதற்கப்புறம்தான் பாறை உச்சிக்கு நடந்தோம். அங்கே அல்பட்ராஸ் என்கிற பெரிய கடற்பறவைகள் ஜோடி ஜோடியாக வாள் சண்டை போடுவதுபோல அலகோடு அலகு தட்டிக்கொண்டிருந்தன. இந்த வகை அல்பட்ராஸ் உலகில் கூடு வைப்பது ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரு தீவில்தான். இறக்கையை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். தரையிலிருந்து எழும்பத் தெரியாமல் விளிம்புவரை தத்தித் தத்தி நடந்து போய், கீழே விழுவதுபோல விழுந்து, காற்றில் ஏறிக்கொள்கிறது. மூவாயிரம் பேர் கப்பலில் வந்திருந்தால் இதில் எதை நான் பார்த்திருப்பேன்?

சொகுசு இல்லாமல் இல்லை. அறையில் சுவர் அகலத்துக்கு ஜன்னல். படுத்தபடியே கடல் தெரியும். குளிர்ந்த நீரில் மிதந்து மீன் பார்த்துவிட்டு நடுங்கிக்கொண்டு ஏறினால், படிக்கட்டிலேயே ஒருவர் சூடான துண்டோடும் இன்னொருவர் சூடான சாக்லேட் பானத்தோடும் நிற்பார்கள். பெயர் எழுதிய பெட்டியில் காலணி காத்திருக்கும். எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது, மறைக்கமாட்டேன். ஆனால் ஊருக்கு வந்தபின் என் நினைவில் நிற்பது துண்டின் மென்மை இல்லை, அதை நீட்டியவரின் முகம். பத்துப் பணியாளர்கள், மூன்றாம் நாளுக்குள் பத்துப் பேர் பெயரும் எனக்குத் தெரியும். சமையல்காரருக்கு நான் சைவம் என்பது தெரிந்ததும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்ட அவர்கள் ஊர் சூப், வாழைக்காயைத் தட்டிப் பொரித்தது, பருப்பு என்று தினமும் ஏதாவது செய்து கொடுத்தார். காரம் போதவில்லை என்று சொன்னேன். மறுநாளிலிருந்து ஆஹி என்கிற மிளகாய்ச் சாறு என் இடத்தில் தனிக் கிண்ணத்தில் இருந்தது. கயிறு கட்டும் பையன் ஒருவனிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னபோது, அவன் தன் தாத்தாவும் மீன்பிடிப் படகில் இருந்தவர் என்று சொல்லி, என்னைக் கப்பலின் முன்பக்கமான அணியத்துக்கு அழைத்துப்போய் நங்கூரம் ஏறுவதைக் காட்டினான்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. "கப்பல் ஆடவே ஆடாது" என்று பயண முகவர் சொன்னது பொய். நாங்கள் போனது ஆடி மாதம், அங்கே தென்கிழக்குக் காற்று வலுத்திருக்கும் காலம். இரவில்தான் தீவு விட்டுத் தீவு போவார்கள். எஸ்பானியோலாவுக்குப் போன இரவு ஒரு கண் தூக்கமில்லை, மகளுக்கு வாந்தி. சின்னக் கப்பல் ஒவ்வொரு அலையையும் உடம்புக்குச் சொல்லும். முழங்கால் வலி உள்ளவர்கள் நன்றாக யோசிக்க வேண்டும். பல இடங்களில் பாங்காவிலிருந்து முழங்கால் அளவு தண்ணீரில் குதித்துத்தான் கரையேற வேண்டும்.

பணம்? அதிகம்தான். பூங்காவுக்குள் நுழையும் கட்டணமே 2024 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டவருக்கு 200 டாலர். வசதி உள்ளவர்கள் மட்டும் போகிற இடமாக அது இருப்பது எனக்கும் வருத்தம். ஆனாலும் கூட்டத்தைத் திறந்துவிட்டு விலையைக் குறைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். எஸ்பானியோலாவில் ஒரு காலத்தில் பதினான்கே ராட்சத ஆமைகள் மிஞ்சியிருந்தன. அவற்றையும் அமெரிக்க உயிரியல் பூங்காவிலிருந்து கொண்டுவந்த ஓர் ஆண் ஆமையையும் வைத்து இனப்பெருக்கம் செய்து, இன்று ஏறக்குறைய இரண்டாயிரம் ஆமைகள் அந்தத் தீவுக்குத் திரும்பியிருக்கின்றன. அப்படிப்பட்ட மண்ணில் இன்று எத்தனை கால்கள் மிதிக்கலாம் என்று யாராவது ஒருவர் கணக்கு வைத்தே ஆக வேண்டும்.

தூத்துக்குடிக்காரியாக இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீட்டு வாசலில் மன்னார் வளைகுடா. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள், பவளம், கடற்பசு. இங்கேயும் ஒருநாள் சொகுசுப் படகு விடுவோம் என்று யாராவது திட்டத்தோடு வந்தால், அறை எவ்வளவு பெரியது என்று கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், நம் கடற்கரைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வழிகாட்டி வேலை என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால், படகே வேண்டாம் என்பேன்.

கடைசியாக ஒன்று. புளோரியானா தீவில் கரையோரம் ஒரு மரப் பீப்பாய் இருக்கிறது. திமிங்கில வேட்டைக்குப் போன கப்பல்காரர்கள் 18ஆம் நூற்றாண்டில் தொடங்கிய தபால் பெட்டி. தபால்தலை கிடையாது. உங்கள் அட்டையைப் போட்டுவிட்டு, உள்ளே கிடப்பதில் உங்கள் ஊர்ப்பக்கம் உள்ளதை எடுத்துப்போய் நேரில் கொடுக்க வேண்டும். மணலில் வட்டமாக உட்கார்ந்து வழிகாட்டி ஒவ்வொன்றாக ஊர் பெயர் வாசித்தாள். "பெங்களூர்" என்றதும் கை தூக்கினேன். ஒரு சிறுமி தன் தாத்தாவுக்கு எழுதியது. போன மாதம் மல்லேசுவரத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். பெரியவர் அட்டையை இரண்டு தடவை வாசித்துவிட்டு, காபி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். நான்கு மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

என் அட்டையும் அந்தப் பீப்பாயில்தான் கிடக்கிறது. தலைமையாசிரியையாக இருந்த பழக்கத்தில் பச்சை மையில் முகவரி எழுதியிருக்கிறேன், கீழே தூத்துக்குடி என்று தமிழிலும். யாராவது அந்தப் பக்கம் போனால் எடுத்துக்கொண்டு வாருங்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.